என்றான்

முதல் நாளே சொல்லிவிட்டான்:
"நடுவில் நான் இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள்.
அவர்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
'என்கிறான்', 'என்கிறார்' எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தால்
அதற்குள் அரை லிட்டர் ரத்தம் போயிருக்கும்."

உஸ்திம் ஹொரோபெட்ஸ். இருபத்துமூன்று வயது.
பொல்தாவாக்காரன்.
ஸ்பானிய மொழியை எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை.
உவெல்வாவில் அவன் அம்மா ஸ்ட்ராபெரி பறித்த ஏழு வருடங்களில்
பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவே பந்தடித்துப் பொறுக்கியது.
அந்த ஊர்க்காரர்கள் 'ஸ்'ஸை விழுங்கிவிடுவார்களாம்.
இவனும் விழுங்குவான்.
எங்கள் பிரிவில் இருந்த கொலம்பியர்கள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.
"உன் எழுத்தையெல்லாம் எலி தின்றுவிட்டதா?"
அதையும் எனக்கு மொழிபெயர்த்தான்,
ஓர் எழுத்துக் குறையாமல்.

நான் மருத்துவப் பிரிவு.
எனக்குத் தெரிந்த ஸ்பானியம் இரண்டே சொல்: வலி, மூச்சு.
மற்றதெல்லாம் அவன் வாய்.
பள்ளிக்கூடத்து நிலவறையில், கொதிகலனை ஒட்டி,
எத்தனை பேராக இருந்திருக்கிறான்!
"என் கால் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறான்,
இரண்டு காலில் நின்றுகொண்டு.
"எனக்கு மூன்று பெண் பிள்ளைகள்" என்றிருக்கிறான்,
மீசை சரியாக முளைக்காதவன்.
ஒருமுறை, "அம்மா, அடுப்பை அணைத்துவிடு" என்றான்.
எந்த ஊர் அடுப்பு என்று நான் கேட்கவில்லை.
"அணைத்துவிட்டேன்" என்றேன்.
அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தான்.
கீழே கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ராத்திரித் தேநீரின்போது மட்டும்
அவனுடைய 'நான்' அவனிடம் திரும்பி வரும்,
இரவல் கொடுத்த சட்டைபோல, கொஞ்சம் தளர்ந்து.
"நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை" என்பான்.
எனக்கு ஒரு கணம் குழம்பும்.
யார் போட்டுக்கொள்வதில்லை?

பிப்ரவரி.
வண்டியின் பின்பக்கத்தில் ட்ரோன் விழுந்தது.
பள்ளத்தில் கிடந்தோம். விளக்கு போட முடியாது.
ஹெய்னர் தன் மொழியில் முனகிக்கொண்டே இருந்தான்.
அவனுக்கு அந்தப் பக்கம் உஸ்திம்.
"எனக்குக் குளிர்கிறது."
உக்ரைன் மொழியில், தெளிவாக.
வெள்ளித்தாள் போர்வை ஒன்றுதான் மிச்சம்.
ஹெய்னருக்குப் போர்த்தினேன்.
"இன்னும் குளிர்கிறது."
ஹெய்னரின் கைகளைத் தேய்த்தேன்.
"குளிர்கிறது."
ஹெய்னர் போர்வையைப் பிடுங்கி
அந்தப் பக்கம் தள்ளினான்.
பிதற்றுகிறான் என்று நினைத்தேன்.
மறுபடியும் அவனையே சுற்றினேன், இறுக்கமாக,
கழுத்துவரை.

மே மாதம் பொல்தாவாவுக்குப் போனேன்.
அவன் அம்மா தேநீர் ஊற்றினார்.
கேட்காமலே மூன்று கரண்டி சர்க்கரை போட்டார்.
"அவனுக்கும் இப்படித்தான்."
நான் குடித்தேன்.
"கடைசியில் ஏதாவது சொன்னானா?"
"சொன்னான்."
"எந்த மொழியில்?"
"நம் மொழியில்."
அவர் தலையசைத்தார்.
ஏழு வருடம் வேற்று மண்ணைப் பார்த்துக் குனிந்திருந்தவருக்கு
அது போதும் போலிருந்தது.
என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டுவிடுவாரோ என்று
கோப்பையைச் சீக்கிரம் காலி செய்தேன்.

ஹெய்னர் இப்போது பெரெய்ராவில் இருக்கிறான்.
மாதம் ஒரு குரல்செய்தி வரும், நீளமாக.
கைபேசியே மொழிபெயர்த்துத் தரும்,
விரலை வைத்தால் போதும்.
வைப்பதில்லை.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.
உஸ்திம் என்ற பெயர் மட்டும் அடிக்கடி தட்டுப்படுகிறது,
அந்த 'ஸ்' விழுங்கப்படாமல், முழுசாக.

அவன் விட்டுவைத்த சொல் ஒன்று என்னிடம் இருக்கிறது.
தாமதமாகத்தான், ஆனாலும்
அது சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன்:
எனக்குக் குளிர்கிறது
என்றான்.
உஸ்திம் ஹொரோபெட்ஸ் என்றான்.
வேறு யாரும் இல்லை.